படத்தில் தெரியாத ஓட்டை

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் விருத்தாசலத்தில் யாரும் நம்புவதில்லை. "வேலைய வுட்டுட்டேன்னு சொல்லு மணி, என்னாத்துக்கு ரிட்டயர்டுன்னு பெரிய வார்த்தைலாம்?" என்று என் தாய்மாமன் டீக்கடையில் நாலு பேர் கேட்கும்படி சொல்கிறார். ஆஸ்பத்திரி கேத் லேபில் பதினோரு வருஷம், எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றவனின் முதுகைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? முதுகெலும்பில் இரண்டு தட்டு விலகிய பிறகு, இனிக் கவசம் போடக் கூடாது என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்தபடி எக்ஸ்ரே எடுக்கிறேன். கவசம் இல்லாத வேலை. வலி குறைந்திருக்கிறது. ஆனால் அந்த அறையை விட்டு வந்ததை ஓய்வு என்றுதான் என் மனது சொல்கிறது.

போன மாதம் நான் படித்த கல்லூரியின் இளையவர்கள் சிலர் போன் செய்தார்கள். அவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் புதுக் கருவி வந்திருக்கிறதாம். ரத்தக்குழாய்க்கெல்லாம் தானே வண்ணம் பூசி, ரத்தம் எங்கே கசிகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுமாம். "இனிமே கண்ணு வலிக்கப் பாத்துக்கினு நிக்க வேணாம்ணே. மெஷினே சொல்லிடும். உங்க காலத்துல எப்படிண்ணே கண்டுபுடிச்சீங்க? எழுதுங்களேன், காலேஜ் மலர்ல போடுறோம்" என்றார்கள். என் காலமாம். நான் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

எழுதுகிறேன். கருவியைப் பற்றி எனக்குக் குறையில்லை. எந்தப் படத்திலும் தெரியாத ஓர் ஓட்டையை ஒருவர் கண்டுபிடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

என் அப்பா இங்கே செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை. அம்மா பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்ததும் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சொல்லி, ரேடியாலஜி டிப்ளமோவில் சேர்ந்தேன். அது என்னவென்று வீட்டில் கேட்டபோது எனக்கே சொல்லத் தெரியவில்லை. "போட்டோ புடிக்கிற படிப்பு" என்றேன். "எந்த ஸ்டுடியோவுல?" என்று அம்மா கேட்டார். படிப்பு முடிந்து புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் நெஞ்சு எக்ஸ்ரே, கை முறிவு, கால் முறிவு. பிறகு கேத் லேபில் போட்டார்கள்.

கேத் லேப் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொடையிடுக்கில் ஓர் ஊசித் துளை. அதன் வழியே ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பி, கம்பியின் மேல் மெல்லிய குழாய். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி அந்தக் குழாயை உடம்பில் வேண்டிய இடத்துக்கு ஓட்டிச் சென்று, கசிகிற இடத்தை அடைக்கலாம், சுருங்கிய இடத்தை விரிக்கலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார்.

எங்கள் மேடம் பெயர் டாக்டர் வசந்தி. ஒல்லியான உடம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அறையில் பேச்சு அதிகமானால் வேலை செய்கிற கையை அப்படியே நிறுத்திவிடுவார். கை நின்றால் வாய்கள் தானாக நிற்கும். நிலைமை மோசமாக ஆக, அவர் பேச்சு மெதுவாகும். புதிதாக வந்த நர்ஸ்களிடம், "மேடம் வேகமா பேசுனா கவலைப்படாதீங்க. ஒவ்வொரு எழுத்தா பேசுனாங்கன்னா ரத்த பாட்டில் எடுத்து வைங்க" என்று நான் சொல்லிக் கொடுப்பதுண்டு.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் கவசத்தைக் கழற்றி மடித்து நாற்காலியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மேடம் அதை மேஜைமேல் விரித்து எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கறுப்பாகத் தெரிய வேண்டிய கவசத்தின் நடுவே மயிரிழை போல ஒரு வெளிச்சக் கோடு. "மடிச்சா ஈயம் விரிசல் விடும் மணி. இந்தக் கோடு வழியா எக்ஸ்ரே உங்க வயித்துக்குத்தான் போகும்" என்றார். திட்டவில்லை. வேறு கவசம் எடுத்து, கொக்கியில் எப்படித் தொங்கவிடுவது என்று காட்டினார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. சிகிச்சை முடிந்து குழாயை உருவியதும் ஊசித் துளையைக் கையால் நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்ற டாக்டர்கள் அந்த வேலையை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மேடம் தானே அழுத்துவார். அழுத்தியபடி நோயாளியிடம் கதை பேசுவார். ஊர் எது, என்ன வேலை, எத்தனை பிள்ளை. அப்போது அவரைப் பார்த்தால் டாக்டர் என்று தோன்றாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி இருக்கும்.

அஞ்சலை வந்தது என் எட்டாவது வருஷத்தில். எங்கள் ஊர்க்காரர். அம்மாவோடு ஒரே ஷெட்டில் பொம்மை அச்சு வேலை செய்தவர். அவருக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்து, கரண்டு வைத்துக் குணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கம் கரண்டு என்பார்கள். அந்தக் கரண்டு நோயைத் தீர்த்தது. ஆனால் சுற்றியுள்ள இடத்தைச் சும்மா விடவில்லை. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப் பைக்கு வரும் இடப்பக்கக் குழாய் சுருங்கிப் போனது. அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். இப்போது சிறுநீரில் ரத்தம். நிற்காத ரத்தம்.

எங்கள் லேபில் இப்படிப்பட்ட நோயாளிகள் நிறைய வருவார்கள். கரண்டு பட்ட மூத்திரப் பையின் உள்தோல் நைந்து, அங்கங்கே சின்ன ரத்தக்குழாய்கள் கசியும். பைக்குப் போகும் குழாய்களைத் தேடிப் பிடித்து, மணலை விடப் பொடியான துகளை அனுப்பி அடைத்தால் ரத்தம் நின்றுவிடும். கரண்டு வைத்தவர், சிறுநீரில் ரத்தம் என்று சீட்டில் பார்த்தாலே எங்கள் கை எந்தக் குழாய்களை எடுத்து வைக்க வேண்டுமோ அவற்றை எடுத்து வைத்துவிடும். அந்த அளவுக்குப் பழக்கம்.

அஞ்சலைக்கும் அப்படியே செய்தோம். படத்தில் மூத்திரப் பை திட்டுத் திட்டாகக் கறுத்துப் பூத்திருந்தது. இரண்டு பக்கமும் மேடம் நேர்த்தியாக அடைத்தார். பிறகு துளையை அழுத்திப் பிடித்தபடி வழக்கம்போல் பேச்சுக் கொடுத்தார்.

"ரத்தம் எப்பல்லாம் வருது அஞ்சலைம்மா?"

"இந்தக் குழாய மாத்துறாங்க பாருங்க, அப்ப கொட்டும் டாக்டரம்மா. அப்புறம் நிக்கும். அப்புறம் சொட்டும்."

"குழாய் மாத்தினா கொஞ்சம் வரத்தான் செய்யும்" என்றார் மேடம். அங்கிருந்த எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

சிறுநீர் தெளிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். சில நாள் கழித்து, தவணை முடிந்துவிட்டதால் சிறுநீரகத் துறை டாக்டர் பாலு அந்தப் பிளாஸ்டிக் குழாயை மாற்றினார். அப்போது பாய்ந்தது பாருங்கள் ரத்தம், அறையின் தரையெல்லாம் சிவப்பு என்று அங்கிருந்த வார்டு அக்கா சொன்னார். புதுக் குழாயை வைத்து, பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி, எப்படியோ நின்றது. மேடம் அப்போது ஊரில் இல்லை, லீவில் இருந்தார். அஞ்சலையின் குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் உயிர் போவது அநாதைச் சாவு. அதை அறியாமை என்று எழுத எனக்குக் கை வராது. என் தாத்தாவை அப்படித்தான் கொண்டுவந்தோம்.

நான் வார விடுப்பில் விருத்தாசலம் வந்திருந்தேன். மத்தியானம் மேடத்திடமிருந்து போன். பேச்சு மெதுவாக இருந்தது.

"மணி, அஞ்சலைம்மா வீடு தெரியுமா?"

"தெரியும் மேடம். ரெண்டு தெரு தள்ளி."

"உயிரோட இருக்காங்களா பாருங்க. இருந்தா அங்க நின்னு எனக்குப் போன் போடுங்க."

ஓடினேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நல்லூரிலிருந்தும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலையின் புருஷன் கோவிந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சையெல்லாம் அவர் அண்ணன் ராமலிங்கம்தான் பேசினார். நான் ஆஸ்பத்திரிக்காரன் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

"வாப்பா. இன்னும் என்னா பாக்கி இருக்குது? அடைச்சிட்டோம் அடைச்சிட்டோம்னு சொல்லிட்டு ஆத்த தொறந்து வுட்ட மாதிரி வுட்டீங்களே!"

உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலில் அஞ்சலை. வெளுத்த உதடு. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "தம்பி, பொம்மக்கார அக்கா மவன்தான நீ" என்றார்.

மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே எழுத முயல்கிறேன்.

"நான் டாக்டர் வசந்தி. அன்னைக்கு அடைச்சது நான்தான். நான் அடைச்ச இடத்துலயும் கசிவு இருந்தது. ஆனா பெரிய ஓட்டை அங்க இல்லை. நான் தப்பான இடத்தை அடைச்சிருக்கேன். அஞ்சலைம்மா எங்கிட்ட சொன்னாங்க, குழாய் மாத்தினா கொட்டுதுன்னு. காதுல விழுந்துச்சு, நான் யோசிக்கலை. நேத்து லீவு முடிஞ்சு வந்து, அவங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். நடந்ததைச் சொன்னாங்க. பழைய ஸ்கேனை எடுத்துத் திரும்பப் பாத்தேன். காலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய் மேலதான் அந்தப் பிளாஸ்டிக் குழாய் ஏறி இறங்குது. கரண்டு பட்டு ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. துடிக்கத் துடிக்க உரசி அங்க ஓட்டை விழுந்திருக்கணும். குழாய் உள்ள இருக்கற வரைக்கும் அதுவே மூடி மாதிரி அடைச்சிக்கிட்டு நிக்குது. உருவினா பாயுது. அதை உள்பக்கமா மூட முடியும்."

ராமலிங்கம், "தப்பு பண்ணிட்டேன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. மறுபடி அவங்க கையிலயே கொண்டும் போயி குடுக்கறதா? நல்லா இருக்குதே நாயம்!" என்றார்.

அஞ்சலையின் மகள் ராணி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வாசலுக்கு வந்தார். "பெரியப்பா, இத்தினி வருசமா எத்தினி ஆஸ்பத்திரி ஏறி எறங்கியிருக்கோம். எவனாவது நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லியிருக்கானா? எல்லாரும் உங்க விதின்னாங்க, லேட்டா வந்தீங்கன்னாங்க. இவங்ககிட்டதான் குடுக்கணும்."

"நீ சின்னப் பொண்ணு, சும்மா இரு. வழியில உசுரு போச்சின்னா? ரோட்டுல சாவ வுடுறதா எங்கூட்டுப் பொம்பளைய?"

உள்ளேயிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. சன்னமாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. "நான் இன்னும் சாவல மாமா. கேக்குறதா இருந்தா என்னைக் கேளுங்க. அந்தப் போன இங்க கொண்டா தம்பி."

போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"டாக்டரம்மா, நான் பொழப்பனா?"

"தெரியலம்மா. வரலைன்னா பொழைக்க மாட்டீங்க. வந்தா வாய்ப்பு இருக்கு. எவ்வளவுன்னு சொன்னா பொய்யாயிடும்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னு தெரிஞ்ச நிமிஷம் உங்க வீட்டுக்காரர்கிட்ட நேரா வந்து சொல்லிடுவேன். உயிரோட வீட்டுக்கு அனுப்பி வைப்பேன். ஒளிக்க மாட்டேன்."

அஞ்சலை கண்ணை மூடித் திறந்தார். "வண்டிய கூப்பிடு" என்று ராணியிடம் சொன்னார். கோவிந்தன் அப்போதுதான் எழுந்தார். அண்ணனைப் பார்க்காமல் உள்ளே போய் மனைவியின் சேலை ஒன்றையும் சொம்பையும் பையில் எடுத்து வைத்தார். ராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நானும் வரேன். ஏதாவது ஒண்ணுன்னா அந்தம்மாவ நான்தான் கேக்கணும்" என்று ஆம்புலன்ஸில் முன்னால் ஏறிக்கொண்டார்.

அன்றைக்கு லேபில் நடந்ததை இளையவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

அஞ்சலையின் பாதத்தில் நாடியைத் தொட்டுப் பார்த்து, துடிக்கிற இடத்தில் மேடம் பேனாவால் குறி வைத்தார். டாக்டர் பாலுவை வரச் சொல்லி, மேஜையின் கால்மாட்டில் நிற்க வைத்தார். அவருக்கு அங்கே வேலை என்ன என்று பிறகு புரிந்தது. இரண்டு தொடையிடுக்கிலும் வழி போடச் சொன்னார். இடப்பக்கம் வைத்தியத்துக்கு. வலப்பக்கத்திலிருந்து ஒரு பலூன் குழாய் மேலே ஏறி, வயிற்றின் பெரிய குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டி, இடப்பக்கக் குழாயின் தொடக்கத்தில் போய் ஊதாமல் நின்றது. பாய்ந்தால் ஊதி ரத்தத்தை மறிக்க அது. ஓட்டையை உள்ளிருந்து மூட, துணி போர்த்திய கம்பி வலைக் குழாய் ஒன்றும் பிரித்துத் தயாராக இருந்தது.

ரத்தக்குழாயைக் காட்டும் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தோம். பெரிய ரத்தக்குழாய் வழவழவென்று இருந்தது. சாய்த்து எடுத்தோம். ஒன்றுமில்லை. மறுபக்கம் சாய்த்தோம். ஒன்றுமில்லை. எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி இருந்தது. மேடம் இந்தத் தடவையும் தப்பா?

திரையை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பேசினார். "உள்பக்கம் போற கிளையை முதல்ல கம்பிச் சுருள் வச்சு அடைச்சிடுவோம். இல்லைன்னா மூடின பிறகும் பின்னாலிருந்து ரத்தம் வரும்." அதை அடைத்தார். "பாலு, இப்ப அந்தப் பிளாஸ்டிக் குழாயை உருவுங்க. உள்ள கம்பி இருக்கட்டும். மணி, பலூன் உங்க கையில."

வேண்டுமென்றே மூடியைத் திறக்கிறார். அது எல்லோருக்கும் புரிந்தது. நர்ஸ் ரத்தப் பாட்டிலின் திருகைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

பிளாஸ்டிக் குழாய் நழுவி வந்தது. படம் ஓடியது. பெரிய ரத்தக்குழாயின் விளிம்பிலிருந்து, மதகைத் தூக்கியதும் வாய்க்காலில் தண்ணீர் நுழைகிற மாதிரி, ஒரு கறுப்புக் கோடு பக்கவாட்டில் குதித்துச் சிறுநீர்க் குழாயில் இறங்கியது. பாலுவின் கையுறை சிவந்தது.

"பலூன்."

ஊதினேன். கோடு நின்றது. அஞ்சலையின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. மேடம் துணி போர்த்திய கம்பி வலையை இடப்பக்க வழியில் ஏற்றினார். அவசரம் துளியும் இல்லை. ஓட்டைக்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று திரையில் இரண்டு முறை அளந்தார். "இறக்குங்க." நான் பலூனை இறக்கிப் பின்னால் இழுத்தேன். அதே மூச்சில் அவர் வலையை விரித்தார். குழாய்க்குள் புதிதாக ஒரு குழாய் பூத்தது. அடுத்த படத்தில் ரத்தம் நேர்கோடாகக் காலுக்குப் போயிற்று. பக்கவாட்டில் எதுவும் இல்லை. பாதத்தில் பேனாக் குறி வைத்த இடத்தை மேடம் தொட்டுப் பார்த்தார். தலையசைத்தார்.

பாலு புதுப் பிளாஸ்டிக் குழாயை வைத்தார். மேடம் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய், முதலில் ராமலிங்கத்திடம்தான் பேசினார். "மூடியிருக்கு. ஆனா இப்ப நான் உறுதி சொல்ல மாட்டேன். அடுத்த தடவை குழாய் மாத்தும்போதுதான் தெரியும். நடந்தா கொஞ்ச மாசத்துக்கு இடப்பக்கம் புட்டம் வலிக்கும், ஒரு கிளையை அடைச்சிருக்கேன்." கேட்க வேண்டும் என்று வந்தவர், "சாப்டீங்களாம்மா?" என்றார்.

அஞ்சலை வீட்டுக்குப் போனார். வலிக்கிறது என்று வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாலும், நடந்தார். சில மாதம் கழித்துக் குழாய் மாற்றும் நாள் வந்தது. அது சிறுநீரகத் துறையின் வேலை, எங்களுக்கு அங்கே இடமே இல்லை. போய்ப் பார்த்தால் மேடம் ஏற்கெனவே கவசத்தோடு சுவரோரம் நிற்கிறார். நர்ஸ்கள் இரண்டு பேர், மயக்க மருந்து டாக்டர், வார்டு அக்கா, நான். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்ததால் அஞ்சலை முழு விழிப்பில் இருந்தார்.

பாலு பழைய குழாயை உருவினார். ஒரு துளி வந்தது. இன்னொரு துளி. பிறகு ஓடத் தொடங்கியது.

"மஞ்சள்" என்றார் பாலு.

மேடம் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "மஞ்சள்" என்றார் அவரும்.

அஞ்சலை தலையைத் தூக்கி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "மூத்திரம் மஞ்சளாத்தான இருக்கும்? இதப் பாக்கவா இத்தினி பேரு வந்து நிக்கிறீங்க?"

எட்டு வருஷத்தில் அன்றுதான் டாக்டர் வசந்தி சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டேன்.